தாண்டிப் போன வாசல்

கிட்டே வாருங்கள், என் கண்ணுகளே. இன்னும் கொஞ்சம் கிட்டே. அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருந்தால் இறக்கி வைத்துவிட்டே வாருங்கள். பாதியில் எழுந்து ஓடினால் எனக்குப் பொறுக்காது. இன்றைக்கு உங்களுக்கு ஒரு வெள்ளை வட்டத்தின் கதை. அதை ஒரு பெண் தண்ணீர் விட்டு அழித்தாள். அழித்த கையை வைத்துக்கொண்டு அன்று பொழுது சாயும்வரை அவள் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் சொல்லப் போகிறேன்.

போன வாரம் எங்கே விட்டோம்? கிள்ளான் ஆறு கரையேறி, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்துக்குள் புகுந்தது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடு. பத்திலும் மார்பளவு தண்ணீர். பத்து தீகா பக்கம் தண்டவாளம் அடித்துக்கொண்டு போய்விட்டதென்று சேதி வந்ததும், பாதை பழுதுபார்க்கும் அய்யாவு தன் ஆட்களோடு புறப்பட்டுப் போனான். அவன் மனைவி பவுனம்மாளுக்கு நிறைமாதம். அவளையும், தம்பி சின்னையாவையும், தங்கை சந்திரகலாவையும் கூட்ஸ் ஷெட்டில் உட்கார்த்தி வைத்துவிட்டுத்தான் போனான்.

அது நடந்து எட்டு நாள் ஆயிற்று. தண்ணீர் வடிந்துவிட்டது. அய்யாவு திரும்பவில்லை. சேதியும் இல்லை.

வெள்ளம் போகும்போது சும்மா போகவில்லை. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் முழங்கால் உயரம் சேற்றை வைத்துவிட்டுப் போயிற்று. அரைத்த மாவு மாதிரிச் சேறு. மேலே காய்ந்து பாளம் விட்டிருக்கும், கால் வைத்தால் உள்ளே இழுக்கும்.

லயத்து மேற்பார்வைக் கிராணி, அதாவது ரயில்வே குமாஸ்தா, வந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வீடு வீடாகப் பார்ப்பார். சேறு இருந்தால் கதவில் ஆணி அடிக்கப்படும். அந்த வீட்டுக்காரர்கள் சுங்கை வே பக்கம் போட்டிருக்கும் கூடாரத்துக்குப் போக வேண்டும்.

கூடாரத்தில் காய்ச்சல் இருந்தது. இரண்டு கைக்குழந்தைகள் போய்விட்டன என்று பாசார் கடைகள் முழுக்கப் பேச்சு.

பவுனம்மாள் போன வருஷம்தான் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். கூடாரம் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். அந்தக் கை பிறகு அங்கிருந்து எடுபடவே இல்லை.

இதற்குள் லயத்துக்கு ஒரு கூட்டம் வந்து சேர்ந்திருந்தது. சிங்கப்பூரிலிருந்து கப்பலில் போர்ட் சுவெட்டன்ஹாம் வந்து, பாதை உடைந்த இடத்தை நடந்து கடந்து வந்த பதினோரு பேர். யூதர்கள். அங்கே தங்கள் கோயிலில் கூடிப் பேசி, வெள்ளம் பாய்ந்த ஊருக்குப் போய்ச் சேறு அள்ளுவதென்று தாங்களாகவே கிளம்பியவர்கள். தலையில் ஒட்டவைத்தாற்போல ஒரு சின்னத் தொப்பி, தோளில் சங்குல், அதுதான் மண்வெட்டி. அவர்களுக்குத் தலைவர் நிஸ்ஸிம் என்பவர், சவ்வரிசி வியாபாரி, ஆள் பீப்பாய் மாதிரி. அவருக்கு மலாய் தெரியும், தமிழ் தெரியாது. தமிழுக்கு எலியா இருந்தார். எலியா கொச்சியில் பிறந்த யூதர். மலையாளம் கலந்து அவர் பேசும் தமிழைக் கேட்டு லயத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் கூடவே சிரித்தார்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னே சந்திரகலா ஷெட்டிலிருந்து தனியாக வீட்டு வாசலுக்கு வந்தாள்.

மார்கழி மாதம். எட்டு நாளாக அந்த வாசலில் கோலம் இல்லை. சாவு விழுந்த வீட்டில்தான் வாசல் அப்படி வெறுமையாகக் கிடக்கும். அண்ணன் தண்டவாளத்தில் நிற்கும்போது, வீடு அப்படிக் கிடக்கலாமா? பதினாறு வயதுப் பெண். இரவெல்லாம் இதே யோசனை.

வாசற்படியின் சிமெண்டில் யாரோ சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். நேற்றுச் சாயங்காலம் இல்லாதது. கோணலான வட்டம். பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எந்தக் கடங்காரன் கிறுக்கினானோ" என்று முணுமுணுத்துக்கொண்டே, குழாயடியிலிருந்து டின்னில் தண்ணீர் கொண்டுவந்து கழுவினாள். தென்னை விளக்குமாற்றால் தேய்த்துக் கழுவினாள். வாசலையும் அதன் முன்னால் நாலடி தரையையும் சேறு போகச் சுரண்டினாள். அரிசி மாவுக்கு எங்கே போவது? கிருமி சாகட்டுமென்று வீட்டுக்கு ஒரு பொட்டலம் சுண்ணாம்புத் தூள் கொடுத்திருந்தார்கள். அதை எடுத்து ஒன்பது புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட்டாள்.

கதவைச் சாத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். உள்ளே முழங்கால் சேறு. வெளியே கோலம். அவளுக்கு மனசு நிறைந்து போயிற்று.

காலை ஏழு மணிக்கே அந்தப் பதினோரு பேரும் வேலையில் இறங்கிவிட்டார்கள். அவர்கள் வேலை செய்கிற விதமே தனி. முதலில் வீட்டுக் கதவைக் கீலோடு கழற்றிச் சாக்கடைமேல் சாய்த்துப் போடுவார்கள். சேற்றை அதன்மேல் கொட்டினால் வழுக்கிக்கொண்டு போய் வண்டிப் பாதையோரப் பள்ளத்தில் விழும். முன்பக்கத்திலிருந்து பின்கட்டு பார்த்து வெட்டிக்கொண்டு போவார்கள். ஒருவர் எண்ணிக்கை சொல்லுவார், மற்றவர்கள் டின்னைக் கை மாற்றுவார்கள்.

முதல் ஐந்து வீடும் புதனும் வியாழனும் முடிந்துவிட்டன. அன்றைக்கு ஆறாவதிலிருந்து. அய்யாவு வீடு ஆறாவது.

சந்திரகலா அப்போது கஞ்சி வாங்க வரிசையில் நின்றாள். திரும்பி வரும்போது பார்க்கிறாள், ஏழாவது வீட்டில், இராஜம்மா வீட்டில், கதவு கழன்று சாக்கடைமேல் கிடக்கிறது. நடுவில் இருந்த தங்கள் வீட்டுக் கதவு சாத்தினபடியே நிற்கிறது, முன்னால் கோலத்தோடு.

இராஜம்மா தன் பாய்களை வெயிலில் உதறிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, எங்க வீட்டை விட்டுட்டு உங்க வீட்டுக்கு வந்துட்டாங்க?"

"எனக்கென்னடி தெரியும்? வட்டம் போட்ட வீடுதான் இன்னிக்குச் செய்வாங்களாம். நேத்து ராத்திரி அந்தத் தடியா ஒரு துரை இருக்காரே, அவர்தான் சுண்ணாம்பு டின்னைத் தூக்கிட்டு வந்து போட்டாரு. வேலை முடிஞ்சா வட்டத்துக்கு நடுவுல ஒரு கோடு இழுப்பாங்க. நாளைக்கு கிராணி வந்தா வட்டமும் கோடும் இருக்கிற வீட்டுக்கு உள்ளேகூட வரமாட்டாராம், வெளியிலேயே சரின்னு எழுதிட்டுப் போயிடுவாராம். ஏன், உங்க வாசல்ல வட்டம் இல்லையா? நான் பார்த்தேனே?"

சந்திரகலா கஞ்சியோடு திரும்பித் தங்கள் வாசற்படியைப் பார்த்தாள்.

"நாளைக்குச் செய்வாங்களாக்கா?"

"நாளைக்கு எங்கேடி? நாளைக்குச் சனிக்கிழமை. அவங்க சாமிக்கு நேர்ந்த நாளாம். ஒரு துரும்பைத் தூக்க மாட்டாங்க. இன்னிக்குச் சூரியன் இறங்கறதுக்குள்ள கையைக் கழுவிடுவாங்களாம்."

சந்திரகலா தங்கள் வீட்டுப் பக்கம் நடந்தாள். பப்பாளி மரத்தடியில் கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் சின்னையா உட்கார்ந்திருந்தான். தகரம் கிழித்து அவன் வலது கையில் கட்டு. முகத்தில் அதைவிடப் பெரிய கடுகடுப்பு.

"சின்னண்ணே, அவங்க நம்ம வீட்டுக்கு வந்தாங்களா?"

"வந்தான். அந்தக் கொச்சிக்காரன். கோலத்தைப் பார்த்துட்டு, 'இவிடே எல்லாம் முடிஞ்சோ?'ன்னு கேட்டான். 'பார்த்தா தெரியலையா'ன்னேன். போயிட்டான்."

"ஏன் அப்படிச் சொன்னே? உள்ளே சேறு கிடக்குதே!"

"கிடக்கட்டும். நேத்து அண்ணி இந்த உடம்போட நின்னு காப்பி போட்டுக் கொடுத்தாங்க. பதினோரு பேர்ல ஒருத்தனாச்சும் வாயில வச்சானா? நம்ம சட்டி அவனுங்களுக்கு ஆகாதாம். நம்ம சேறு மட்டும் ஆகுமா லா?" கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். "நானே அள்ளிடுவேன். ஒத்தைக் கையால அள்ளிடுவேன்."

"எப்ப? காலையில இருந்து இந்தப் பெட்டியைத்தானே அள்ளிட்டு இருக்கே!"

அவன் முறைத்தான். சின்னண்ணனைக் குற்றம் சொல்ல அவளுக்கு வாய் ஏது? வட்டத்தை அழித்தது யார்?

சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். யாரிடம் சொல்வது? அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவே எப்படிப் போய் நிற்பது? அவள் இதுவரை வேற்று ஆளோடு பேசியதே கிடையாது. அவர்களே ஒருவேளை திரும்பிப் பார்ப்பார்கள். ஏழாவது வீடு முடிந்ததும் வருவார்கள். இப்படித்தான், கண்ணுகளே, நாம் எல்லோரும் நம்முடைய தப்பை வேறு யாராவது வந்து கண்டுபிடிக்கட்டும் என்று காத்துக்கொண்டு நிற்கிறோம்.

ஏழாவது முடிந்தது. அவர்கள் பத்தாவது வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெயில் பப்பாளி மரத்தைத் தாண்டி மேற்கே சாய்ந்தது.

அப்போது வீட்டுக்குள் சளக் என்று ஒரு சத்தம். சந்திரகலா ஓடிப்போய்ப் பார்த்தாள். பவுனம்மாள் எப்போது வந்தாள் என்றே தெரியவில்லை. பின்கட்டு வழியாக உள்ளே வந்து, சேற்றில் நின்றுகொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்து, மறு கையில் கொட்டாங்கச்சியால் சேற்றை அள்ளி டின்னில் போட்டுக்கொண்டிருந்தாள். குனிய முடியவில்லை. காலை அகட்டிப் பக்கவாட்டில் சரிந்து அள்ளினாள்.

"அண்ணி! என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லடி. தாண்டிப் போயிட்டாங்க போல. அவங்களுக்கும் எத்தனை வீடு. நம்மளால ஆனதை நாம பார்ப்போம்." இன்னொரு கொட்டாங்கச்சி விழுந்தது. "கூடாரத்துக்கு மட்டும் நான் போகமாட்டேன், சந்திரா. அது மட்டும் என்னால ஆகாது."

சந்திரகலாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சேற்றில் இறங்கி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நான்தான். வாசல்ல அவங்க வட்டம் போட்டு வச்சிருந்தாங்க, இன்னிக்கு நம்ம முறைன்னு. நான்தான் அதைக் கழுவிட்டுக் கோலம் போட்டுட்டேன். கோலத்தைப் பார்த்துட்டு வீடு சுத்தமாயிடுச்சுன்னு நினைச்சிட்டாங்க."

பவுனம்மாள் அவளையே பார்த்தாள்.

"ஏன்டி கழுவினே?"

"அண்ணன் லைன்ல நிக்கறாரு. சேதி இல்ல. எட்டு நாளா வாசல் அப்படியே... எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு, அண்ணி."

பவுனம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கொட்டாங்கச்சியை டின்னுக்குள் போட்டாள். பிறகு அவள் உதட்டோரம் லேசாக நெளிந்தது.

"கோலம் நல்லாத்தான் போட்டிருக்கே. வரும்போது பார்த்தேன். இழை ஒண்ணுகூடப் பிசகல." சேறு படாத புறங்கையால் நாத்தனாரின் கன்னத்தைத் துடைத்தாள். "என்கிட்ட சொல்லி என்னடி பிரயோசனம்? நானா சங்குல் பிடிக்கப் போறேன்? அவங்ககிட்ட போய்ச் சொல்லு. ஓடு."

சந்திரகலா ஓடினாள்.

பத்தாவது வீட்டு வாசலில் பதினோரு பேரும் கடைசி டின்னைக் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். தலை முதல் கால் வரை சேறு; யார் எவர் என்று தெரியவில்லை. அவளைக் கண்டதும் எண்ணிக்கை நின்றது. அத்தனை கண்ணும் அவள்மேல்.

பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எலியாவைத் தேடிப் பார்த்துச் சொன்னாள், முழுவதையும், ஒரே மூச்சில். வட்டம், தண்ணீர், கோலம், அண்ணி, கொட்டாங்கச்சி. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

"கரையாதே மோளே, கரையாதே" என்றார் எலியா. அழாதே மகளே என்று அர்த்தம். அவர் நிஸ்ஸிம் பக்கம் திரும்பி அவர்கள் பேச்சில் ஏதோ சொன்னார். நிஸ்ஸிம் இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். சேற்றைத் துடைத்துப் பார்த்தார். நாலு மணி.

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வீட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அது சந்திரகலாவுக்கே தெரியும். ஆறு மணிக்கு அவர்களுக்கு ஓய்வுநாள் பிறந்துவிடும்.

நிஸ்ஸிம் சங்குலைத் தோளில் போட்டார்.

"ரூமா மானா?" என்றார். எந்த வீடு?

அவள் கையைக் காட்டினாள்.

நடக்கும்போது எலியா சொன்னார்: "எங்கள் பழைய கதை ஒன்று உண்டு, மோளே. ஒரு ராத்திரி ஊருக்குள்ளே சாவு வந்தது. எந்த வாசலில் அடையாளம் உண்டோ, அந்த வீட்டைச் சாவு தாண்டிப் போயிற்று. இன்றைக்கு நீ அடையாளத்தை மாய்ச்சுக் களைஞ்சு, உதவி தாண்டிப் போயிற்று." அவர் தாடியிலிருந்த சேறு சிரிப்பில் விரிசல் விட்டது. "நல்ல காலம், நாங்கள் சாவு இல்லை. கூப்பிட்டால் திரும்பி வருவோம்."

ஆறாவது வீட்டு வாசலுக்கு வந்ததும் பதினோரு பேரும் நின்றுவிட்டார்கள். கோலத்தின் ஓரத்தில் நின்றார்கள். யாரும் கால் வைக்கவில்லை.

"மிதிக்கலாமோ?" என்று கேட்டார் எலியா.

சந்திரகலா முன்னால் வந்தாள். சாக்கடையோரம் இருந்த டின் தண்ணீரை எடுத்தாள். தன் ஒன்பது புள்ளியின்மேலும் ஊற்றினாள்.

சின்னையா பெட்டிமேலிருந்து எழுந்து நின்றான். எழுந்தானே தவிர நகரவில்லை.

கதவு கழன்றது. உள்ளே சங்குல்கள் விழ ஆரம்பித்தன. நாலேகாலுக்கு முதல் டின் வெளியே வந்தது. சந்திரகலா வரிசையின் கடைசியில் போய் நின்று டின்னை வாங்கினாள். பின்னால் யாரோ வந்து நின்றார்கள். பார்த்தால் இராஜம்மா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.

"என்ன பார்க்கிறே? என் வீடு சுத்தமாயிடுச்சு, நீ மட்டும் சேத்துல கிடப்பியா? தள்ளுடி" என்றாள். பிறகு லயத்தைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். அந்தக் குரலுக்கு ஐந்தாம் வீட்டுத் தம்புசாமி வந்தான், மூன்றாம் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். வரிசை நீண்டது.

பவுனம்மாளைப் பப்பாளி மரத்தடியில் உட்கார வைத்தார்கள். எலியா தண்ணீர் குடிக்க வெளியே வந்தார். தன் சொந்தக் குப்பியிலிருந்து குடித்தார். அதைச் சின்னையா பார்த்தான். எலியாவும் அவன் பார்த்ததைப் பார்த்தார்.

"காப்பிக்காகக் கோபமோ, தம்பி?"

"கோபமெல்லாம் இல்ல. நீங்க பெரிய ஆளுங்க. நம்ம பாத்திரம் ஆகாது."

எலியா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, எங்கள் வீட்டில் பாலுக்கு ஒரு பாத்திரம், இறைச்சிக்கு ஒரு பாத்திரம். ஒன்றை எடுத்து மற்றதில் வைத்தால் என் பெண்டாட்டி என்னை வீட்டுக்குள் ஏற்றமாட்டாள். எங்கள் சொந்தச் சட்டியையே நம்பாதவர்கள் நாங்கள். உங்கள் சட்டியில் என்ன குற்றம்? அடுப்பில் ஏறியது எதுவானாலும் எங்கள் விதிப்படி ஏறியிருக்க வேண்டும். அவ்வளவே. மரத்தில் இருப்பதற்கு ஒரு விதியும் இல்லை. அதைப் படைத்தவன் சமைத்தது." அண்ணாந்து பப்பாளியைப் பார்த்தார். "இந்த மரத்தைத்தான் அவனும் சொன்னான்."

"யார் சொன்னது?" என்று கேட்டது பவுனம்மாள்.

"பத்து தீகாவில் ஒருவன். பாதை உடைந்த இடத்தில், பலகை போட்டு எங்களைக் கை பிடித்துத் தாண்ட வைத்தான். இடது புருவத்தில் ஒரு வெட்டு. அவனும் காப்பி கொடுத்தான், நாங்களும் வேண்டாம் என்றோம். கோபிக்கவில்லை. 'பிரிக்பீல்ட்ஸ் போனா லயத்துல பப்பாளி மரம் நிக்கிற வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்குங்க' என்றான். அதனால்தான் நிஸ்ஸிம் இந்த வாசலில் வட்டம் போட்டார். காலையில் பார்த்தால் கோலம். யாரோ நமக்கு முன்னே செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன்."

பவுனம்மாள் எழுந்துவிட்டாள். மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்ப பார்த்தீங்க அவரை?"

"செவ்வாய்க்கிழமை."

"நல்லா இருந்தாரா? சாப்பிட்ட முகமா இருந்துச்சா?"

"நன்றாக இருந்தான், அம்மா. எங்கள் நிஸ்ஸிமைத் தூக்கிப் பலகை ஏற்றினான் என்றால் பாருங்கள். அதற்கு நல்ல பலம் வேண்டும்."

பவுனம்மாள் சிரித்துவிட்டாள். எட்டு நாளைக்குப் பிறகு சிரித்த சிரிப்பு. சிரிக்கும்போதே கண் கொட்டியது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தாள்.

சின்னையா பெட்டியை விட்டு நகர்ந்தான். லயத்துக்குப் பின்னால் போனான். திரும்பி வரும்போது இடது கையில் ஆறு இளநீர் உள்ள ஒரு குலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். பதினோரு பேருக்கு ஆறு போதாதென்று மறுபடியும் போனான். வெட்டத்தான் கை இல்லை, தம்புசாமி வெட்டினான். பதினோரு பேரும் நின்றபடியே குடித்தார்கள். நிஸ்ஸிம் இரண்டு குடித்தார். பிறகு சின்னையா வரிசையில் போய் நின்று, இடது கையால் டின்னை வாங்க ஆரம்பித்தான்.

ஐந்தரை. முன்னறை முடிந்தது. நடு அறை முடிந்தது. அடுப்படியில் மட்டும் சேறு. உள்ளே நிஸ்ஸிம் முதுகை நிமிர்த்தவே இல்லை. எண்ணிக்கை வேகமாயிற்று. பத்து நிமிஷம் இருக்கும்போது அடுப்படியின் சிமெண்டுத் தரை தெரிந்தது. இராஜம்மாவும் மூன்றாம் வீட்டுப் பெண்களும் தண்ணீரைக் கொட்டித் தேய்த்தார்கள். கதவை மறுபடியும் கீலில் மாட்டினார்கள்.

மூலையில் ஒரு முறம் அளவு சேறு பாக்கி. நிஸ்ஸிம் அதன்மேல் சங்குலை ஓங்கினார். ஓங்கினவர் கடிகாரத்தைப் பார்த்தார். சங்குலை மெள்ளச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"விடுங்க துரை. அது என்னோடது" என்றான் சின்னையா. இடது கையால் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மொழி புரியாவிட்டாலும் நிஸ்ஸிமுக்கு விஷயம் புரிந்தது. அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

பதினோரு பேரும் குழாயடியில் கை கால் கழுவினார்கள். சூரியன் ரயில் ஷெட் கூரைகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. கழுவி வந்து வாசலில் நின்றபோதுதான் நிஸ்ஸிமுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஈர வாசற்படியைப் பார்த்தார். வட்டம் இல்லை. கோடும் இல்லை. சுண்ணாம்பு டின் அவர் காலடியில் இருந்தது. அவர் கை அதை நோக்கிப் போயிற்று, பாதி வழியில் நின்றது.

"ஏன் நிக்கறாரு?" என்று சந்திரகலா மெதுவாகக் கேட்டாள்.

"எங்கள் நாள் பிறந்துவிட்டது, மோளே" என்றார் எலியா. "இனி எங்கள் கை எழுதாது, கோடு இழுக்காது. நாளைச் சூரியன் இறங்கும்வரை."

அடையாளம் இல்லாத வீட்டை நாளைக் காலையில் கிராணி என்ன நினைப்பாரோ! உள்ளே வந்து ஒரு மூலையில் துளிச் சேறு கண்டாலும் ஆணியைக் கேட்பார். பிறரைச் செய்யச் சொல்வதும் அவர்களுக்கு அந்த நாளில் ஆகாது. எலியா அவளை ஏவவில்லை, கேட்கவும் இல்லை. வாசற்படியைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்.

சந்திரகலா புரிந்துகொண்டாள். அவர்கள் எடுக்காத டின்னை அவள் எடுத்தாள்.

குனிந்து ஒரு வட்டம் போட்டாள். கோணல் இல்லாத வட்டம். கோலம் போட்ட கையல்லவா? நடுவில் நேராக ஒரு கோடு இழுத்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நிஸ்ஸிம் தலையை ஆட்டினார். பிறகு அவள் கை நிற்கவில்லை. அந்த வட்டத்தைச் சுற்றிப் புள்ளி வைத்தாள். ஒன்பது புள்ளி. வட்டத்தைத் தொடாமல், கோட்டைத் தொடாமல், இழையை வளைத்து வளைத்து அதைச் சுற்றிக் கொண்டுவந்து முடித்தாள்.

பதினோரு பேரும் கோலத்தை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கி, தாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தார்கள். சங்குல்களை எடுத்துக்கொண்டு போகவில்லை. அவை வாசல் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்து நின்றன.

அடுப்படியில் சின்னையாவின் கொட்டாங்கச்சி கடைசியாக ஒருமுறை தரையைச் சுரண்டியது. வெளியே வந்து, "முடிஞ்சுது. ஒரு துளி இல்ல" என்றான். "விடிஞ்சதும் லைன் பிடிச்சு நடந்து பத்து தீகா போறேன், அண்ணி. அண்ணனைப் பார்த்துச் சொல்லிட்டு வரேன்."

பவுனம்மாள் ஈரத் தரையில் அகல் விளக்கை வைத்து ஏற்றினாள். சுடர் நின்று எரிந்தது. எட்டு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் எரிந்த முதல் விளக்கு. அவள் எழுந்தாள். எழுந்தவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அண்ணி?"

பவுனம்மாள் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, மெதுவாக விட்டாள். வயிற்றின்மேல் இருந்த கை இறுகியது, பிறகு தளர்ந்தது.

"விடியறவரைக்கும் காத்திருக்க முடியாதுடா, சின்னையா" என்றாள். அவள் குரலில் பயம் இல்லை. "நீ இப்பவே புறப்படு. சந்திரா, நீ போய் இராஜம்மாவைக் கூப்பிடு. கோலத்தை மிதிக்காம போ."

சந்திரகலா ஓரமாகத் தாண்டி ஓடினாள்.

அவள் ஓடட்டும், கண்ணுகளே. சின்னையாவும் இந்த இருட்டில் தண்டவாளம் பிடித்துப் பத்து தீகா பக்கம் நடக்கட்டும். நாம் இங்கே இருந்து அந்த விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வோம். உங்கள் வீட்டு வாசலும் ஒருநாளும் வெறுமையாகக் கிடக்காமல் இருக்க வேண்டும். நீங்கள் கூப்பிடும்போது திரும்பி வருகிற கால்கள் உங்களுக்கு வாய்க்க வேண்டும். தூரத்தில் இருப்பவர் பத்திரமாக வந்து சேர்ந்து, வரப்போகிற பிள்ளைகள் சொந்தக் கூரையின் கீழ் முதல் குரல் கொடுத்து, பசித்தவருக்குக் கொடுக்க உங்கள் மரத்தில் என்றைக்கும் இரண்டு காய் மிஞ்சி, உங்கள் குடும்பம் தழைத்து நிற்க வேண்டும். நன்றாக இருங்கள், என் செல்லங்களே, நன்றாக இருங்கள்.